கரையில் நிற்கிற ஆள்

குணரத்தினத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் வேறு யாருக்காவது கிடைக்குமா என்று கேட்டால், பகையாளிக்கும் கிடைக்க வேண்டாம் என்றுதான் அவன் சொல்லுவான். சண்டை இல்லாத ஊர் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. செத்துப்போன பெண்சாதி குசினியில் நின்று வெங்காயம் உரிக்கிற வீடு கிடைத்தது. இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அவனும் அன்று மத்தியானம் முழுக்க அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் செய்த பிழையே அதுதான்.

ஒழுங்காகச் சொல்வதென்றால் துறையடிச் சென்றியிலிருந்து தொடங்க வேண்டும். தொண்ணூற்றேழாம் ஆண்டு. கிண்ணியாவுக்கும் திருகோணமலை றோட்டுக்கும் நடுவில் அப்போது பாலம் கிடையாது. சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் ஊர்கிற ஒரு இரும்பு மிதவைதான். அதற்கு ஊரில் 'பாதை' என்று பெயர். பாதை வந்து முட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மண்மூட்டை அடுக்கித் தகரம் போட்ட ராணுவக் காவல் நிலை ஒன்று இருந்தது. அதுதான் சென்றி. கடலுக்குப் போகிறவன் அங்கே தன் அடையாள அட்டையை, ஊர்ப் பேச்சில் ஐசியை, கொடுத்துவிட்டு, ஒரு பாஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரும்போது வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு, பாஸைப் பிடித்தபடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சென்றிக்கு நேரே நடந்து வர வேண்டும். ஓடக் கூடாது. சிரிக்கக் கூடாது. மீன் கூடையெல்லாம் பிறகுதான்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சென்றிக்கு மாறி வந்த பெரியவன் ஒருத்தன் இன்னொரு சட்டமும் போட்டான். ஒருவன் கடலுக்குப் போனால் இன்னொருவன் அவனுக்காகக் கரையில் நிற்க வேண்டும். நிற்பவனுடைய அட்டையும் சென்றியில்தான் இருக்கும். போனவன் பொழுதுபட முன்னம் வந்து சேராவிட்டால் நின்றவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று ஊரில் யாரும் கதைப்பதில்லை. ஊர்ச்சனம் இதற்கு 'ஆள்பிணை' என்று பெயர் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பழகிக்கொண்ட மாதிரி இதையும் பழகிக்கொண்டது.

குணரத்தினத்துக்குக் கரையில் நிற்க ஆள் இல்லை. ஆலங்கேணியில் இருந்த அவனுடைய சொந்தக்காரர் தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தோடு திக்குத் திக்காகப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒன்றிரண்டு பேரும், "உனக்கு ஏதும் நடந்தால் எங்கட பிள்ளை குட்டியள் என்ன செய்யும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதில் பிழை சொல்ல ஏலாது. கடலுக்குப் போக வழியில்லாமல் அவன் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்த நாளில்தான், துறையடியில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அலியார் எழும்பி வந்தார். ஒடிந்து விழுகிற மாதிரி ஒரு உடம்பு. இடுப்பில் ஓட்டை விழுந்த சாரம்.

"தம்பி, நீ போ. நான் நிக்கிறன். நாளைக்கு நான் போகக்க நீ நில்லு."

ஒரு முஸ்லிம் ஆள் தமிழனுக்குப் பிணை நிற்பது அந்த நாளில் விளையாட்டில்லை. இரண்டு பக்கத்திலும் செத்த வீடு நடந்த ஊர்கள் அவை. அலியாருடைய மச்சான்மாரே அவரைக் கண்டபடி ஏசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறையடிப் பூவரச மரத்தடியில் சென்றிக்காரன் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டு வெற்றிலை சப்புவார். வள்ளத்தைத் தள்ளிவிடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுவார்: "வரும் மட்டும் நிப்பன்."

குணரத்தினம் அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். எப்போதும் நேரத்துக்கு வந்துவிடுவான். மீன் படுகிற வேளையாக இருந்தாலும் தூண்டிலைச் சுருட்டிவிடுவான். கொஞ்சம் பிந்தினால் அலியார் காக்கா என்ன பாடுபடுவார் என்பது அவனுக்குத் தெரியும். தான் அந்த மரத்தடியில் நின்ற நாட்களில் பட்ட பாடு தெரியும்.

அது தை மாதம். விடிய எழும்பிப் பார்த்தால் கழிமுகத்தை மூடிக்கொண்டு வெள்ளையாகப் பனிப்புகார் கிடந்தது. சீனன்குடாப் பக்கமும் தெரியவில்லை, கப்பல்துறைப் பக்கமும் தெரியவில்லை. சென்றிக்காரன் பாஸைக் கொடுக்கிறபோதே முகத்தைச் சுளித்தான். அலியார் வழக்கம் போலத் தன் வார்த்தையைச் சொன்னார். குணரத்தினம் துடுப்பைப் போட்டான். நல்ல பாடு; விளைமீன் நாலைந்து, ஒரு பெரிய பாரை. பாரையைக் காக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் வள்ளத்தைத் திருப்பினான். புகார் அப்போதும் விலகவில்லை. அதற்குள் நுழைந்தபோது காது இரண்டும் அடைத்துக்கொண்டன. துடுப்புப் போடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு காது திறந்தது. புகாரை விட்டு வெளியே வந்தவன் தலைக்கு மேலே பார்த்தான். ஒரு பாலம் நின்றது.

கட்டுகிற பாலமில்லை, கட்டி எத்தனையோ வருசமான பாலம். கரைக்குக் கரை நீளமாக, தூண் தூணாக. மேலே ஒரு பஸ் போனது. அது எங்கேயும் நிற்கவில்லை. யாரும் இறங்கி வரிசையாக நடக்கவில்லை. குணரத்தினத்துக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஆனாலும் பழக்கம் பொல்லாதது. வள்ளத்தைக் கரையில் இழுத்தான். பாஸை எடுத்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சென்றி இருந்த இடத்துக்கு நேரே, ஒரே சீராக நடந்தான்.

அந்த இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. வாங்குப் பலகையில் இருந்த ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"என்ன குணண்ணன், நாடகம் ஏதும் பழகிறீங்களா?" என்று கடைக்கார முனாப் கேட்டான்.

"என்ர ஐசி..." என்றான் குணரத்தினம். கையை இன்னும் இறக்கவில்லை.

"உங்கட ஐசி உங்கட வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கும். இஞ்ச வந்து கேட்டா? இந்தாங்க, பிளேன்டீ குடிங்க."

"சென்றியை எப்ப எடுத்தவங்கள்? காக்கா எங்க? அலியார் காக்கா?"

"சென்றி எண்டா என்ன? அலியார் எண்டா, புடவைக்கடை அலியார் ஹாஜியாரையா கேக்கிறீங்க? அவருக்கும் உங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?"

முனாப் பகிடி விடுகிறான் என்று நினைக்க முடியவில்லை. பூவரச மரம் நின்றது. அதற்குக் கீழே யாரும் நிற்கவில்லை. நிலத்தில் ஒரு வெற்றிலை எச்சில்கூட இல்லை. குணரத்தினம் தன் வீட்டுப் பக்கம் நடந்தான். அவனுடைய வீடு எரிந்து, கரிபிடித்த நாலு சுவரும் அதற்குள் சாய்த்துக் கட்டிய ஓலைக் கொட்டிலுமாகத்தான் காலையில் இருந்தது. இப்போது ஓடு போட்ட கூரை, பச்சைப் பெயின்ற் அடித்த கேற், கேற்றடியில் செவ்வரத்தை. குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு கமலாதேவி நின்றாள்.

கமலாதேவி செத்து ஏழு வருசம். தொண்ணூறில் காட்டுக்குள் ஒளிந்திருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கந்தளாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு இயந்திரம் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. மறித்த இடத்தில் நின்று நின்று, அவனுடைய மடியில்தான் அவள் அடங்கினாள். கொள்ளி வைத்தவனும் அவன்தான். இப்போது அவள் முன்பைவிடக் கொஞ்சம் பருத்து, காதோரம் நரை கண்டு, வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, ஏன் வாசல்ல நிக்கிறீங்கள்? இண்டைக்கு என்ன மீன்?" என்று கேட்டாள்.

அவன் நிலத்தில் இருந்துவிட்டான். வாய்விட்டு அழுதான்.

அவள் பயந்துபோனாள். நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், தண்ணீர் கொடுத்தாள், வெயில் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தாள். அந்தக் கை சூடாக இருந்தது. அது போதும் என்று இருந்தது.

இனித்தான் கவனமாகக் கேட்க வேண்டும். குணரத்தினம் முட்டாளில்லை. வந்த வழி அந்தப் புகார்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. வீட்டு வாசலில் நின்றால் பாலத்துக்கு அப்பால் அது இன்னும் வெள்ளையாகக் கிடப்பது தெரிந்தது. பொழுதுபட நிறைய நேரம் இருந்தது. பொழுதுபட்டால் மரத்தடியில் யார் நிற்பார்கள், அவரை யார் ஏற்றுவார்கள் என்பதும் தெரிந்தே இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவன் சாப்பிட இருந்தான்.

சோறும் மீன் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும். அவள் பக்கத்தில் இருந்து பரிமாறினாள். முனாப்பின் மகளுக்குக் கலியாணம் பேசுகிற கதை சொன்னாள். வெருகல் திருவிழாவுக்கு இந்த வருசமாவது கூட்டிப் போக வேண்டும் என்றாள். இந்தக் குரலை இன்னொரு முறை கேட்க ஏழு வருசமாக அவன் நேர்ந்திராத கோயில் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். சாப்பிட்டான். கை கழுவிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். அப்போது அவள் பாயை விரித்து, "கொஞ்ச நேரம் சரியுங்கோ, முகம் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லி, அவன் பக்கத்திலேயே தானும் சரிந்தாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி நித்திரையாகிவிட்டாள்.

அந்தக் கையை எடுத்து வைத்துவிட்டு எழும்பியிருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. காடும் மலையும் தாண்டச் சொல்லவில்லை. நித்திரையாகிக் கிடந்த ஒரு பெண்ணின் விரலைப் பிரித்தால் போதும். அவனால் ஏலவில்லை. மடியில் அடங்கும்போதும் அவள் அந்த மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தாள். யன்னலால் பார்த்தான். புகார் மெலிந்துகொண்டு வந்தது. அலியார் காக்கா வாய் உள்ள ஆள், எப்படியும் கதைத்துச் சமாளிப்பார் என்று நினைத்தான். இன்றைக்குச் சென்றியில் நிற்கிற பொடியன் கொஞ்சம் நல்லவன் என்று நினைத்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மனுசன் தனக்குத் தானே சொல்கிற பொய்க்கு மட்டும் எப்போதும் பஞ்சமில்லை.

அவள் புரண்டு படுத்துத் தானாகவே கையை எடுத்தபோது அவன் எழும்பி ஓடினான். கழிமுகம் கண்ணாடி போலக் கிடந்தது. அக்கரையில் நிற்கிற தென்னை மரத்தை எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். பாலத்துக்குக் கீழேயும் மேலேயும், வந்த வழியென்று நினைத்த இடமெல்லாம் துடுப்புப் போட்டான். உள்ளங்கை தோலுரிந்தது. பொழுது சாய்ந்து, வானம் சிவந்து, கறுத்தது. அந்தப் பக்கத்திலும் அதே பொழுதுதானே சாய்கிறது என்று நினைத்தபோது அவன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "காக்கா, என்னை மன்னியுங்கோ" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினான். பாலத்தில் காற்று வாங்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அவன் அந்த ஊரில் மாட்டிக்கொண்டான்.

அது நல்ல ஊர். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அவனுக்குக் கொடுமையாக இருந்தது. இராத்திரியிலும் தூண்டில் போட்டார்கள். பொடியன்கள் பாலத்துக்குக் கீழே பந்தடித்தார்கள். பாட்டுக் கச்சேரி முடிந்து சனம் சைக்கிளில் லைற் போட்டுக்கொண்டு வீடு திரும்பியது. குணரத்தினம் மட்டும் பஸ் பாலத்துக்கு ஏற முன்னம் இறங்கி, அலுமாரிக்குள் கிடந்த அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய், மறுபக்கத்தில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றான். இருட்ட முன்னம் வீட்டு யன்னலையெல்லாம் சாத்தினான். காணி உறுதியையும் கலியாணப் பத்திரத்தையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்தான். விறாந்தையில்தான் படுத்தான், கடல் சத்தம் கேட்க வேண்டும் என்று சொன்னான். அவளுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சொந்தமில்லாத பொருளை எடுத்தவன் அதைத் தொடுவதற்குக் கூசுகிற மாதிரியான கூச்சம்.

தனக்கு முன்னே இந்த வீட்டில் இருந்த குணரத்தினத்தைப் பற்றி அவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தான். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, சனமே சொன்னது. "எவ்வளவு பகிடிக்கார ஆள் நீங்க! இப்ப என்ன வாயில கொழுக்கட்டையா?" என்றான் முனாப். அந்த ஆள் வள்ளத்திலிருந்து இறங்கும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு வருவானாம். போக்குவரத்துப் பொலிஸ்காரனோடு நடு றோட்டில் வாதாடுவானாம். ஐசி எங்கே என்று கேட்டால், "என்ர மூஞ்சி உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று சிரிப்பானாம். அட்டையை ஒருநாளும் கொண்டு போனதில்லை. அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில்தான் அது கிடந்தது. அவனும் அன்று விடியத்தான், அதே புகாருக்குள்தான், கடலுக்குப் போனான்.

இதை முனாப் சொல்லிக்கொண்டிருந்தபோது குணரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். தான் இங்கே பாயில் கிடந்த நேரத்தில் அவன் அங்கே போய் இறங்கியிருப்பான். பாட்டுப் பாடிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, அட்டை இல்லாமல், பாஸ் இல்லாமல், மண்மூட்டைக்குப் பின்னால் நிற்கிறவன் துவக்கை நிமிர்த்துவதைப் பார்த்தும் ஏதோ விளையாட்டென்று நினைத்துக்கொண்டு. நில் என்று கத்தினால் நிற்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இந்த ஊர் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மரத்தடியில் நின்ற அலியார் காக்கா சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரா? கையைத் தூக்கு தம்பி, கையைத் தூக்கு என்று கத்திக்கொண்டு ஓடியிருப்பார். ஓடக் கூடாத இடத்தில் ஓடியிருப்பார். அதற்கு மேலே நினைக்க குணரத்தினத்துக்குத் தைரியம் வரவில்லை.

பல மாதம் கடத்தி, ஒருநாள் அலியார் ஹாஜியாரின் புடவைக்கடைக்குப் போனான். பசாரில் இரண்டு கதவு வைத்த பெரிய கடை. உள்ளே, நல்ல தொப்பையும் வெள்ளிக் கம்பிக் கண்ணாடியுமாக அதே முகம். வாயில் அதே வெற்றிலை.

"வாங்க தம்பி, என்ன பாக்கிறீங்க?"

"ஒரு சாரம்" என்றான். அவர் உதறி விரித்துக் காட்டினார். ஓட்டை இல்லாத, புது மணம் அடிக்கிற சாரம். அவன் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"காக்கா, நீங்கள் எனக்காக ஒருக்கால் கரையில நிண்டனீங்கள். நான் வாறன் எண்டு சொல்லிப் போட்டு வரயில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நல்ல மனுசன், எந்த ஊரிலும் நல்ல மனுசன்தான். பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருக்கச் சொன்னார்.

"நான் கடக்கரைக்கே போறதில்ல தம்பி. எனக்குத் தண்ணி எண்டாப் பயம். வேற ஆரையும் நினைச்சுக்கொண்டு வந்திருக்கீங்க."

"இல்லை காக்கா, நீங்கள்தான். நீங்கள் ஒருக்கா மன்னிச்சன் எண்டு சொன்னால் போதும்."

"நீங்க எனக்கு ஒரு பிழையும் செய்யல்லயே. செய்யாத பிழைக்கு நான் என்னண்டு மாப்புத் தாற? அந்த மனுசனத் தேடிப் போங்க தம்பி. அவர்தான் தரவேணும்."

குணரத்தினம் சாரத்தை வாங்கிக்கொண்டு வந்தான். அதை உடுக்கவில்லை. அலுமாரியில் வைத்தான். அந்தப் பக்கத்து அலியாருக்கென்று வாங்கியது என்று சொன்னால் யாருக்கு விளங்கும்?

அடுத்த தையும் வந்தது. முதல் பனி விழுந்த நாளில் விடியற்புறமே யன்னலடியில் போய் நின்றுகொண்டு, புகார் இறங்குகிறதா என்று பார்த்தான். பின்னால் கமலாதேவி வந்து நின்றது அவனுக்குத் தெரியாது.

"நீங்கள் அவரில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"அண்டைக்கே தெரியும். என்னைக் கண்டவுடனே அழுதீங்கள். அவர் என்னைக் கண்டு ஏன் அழவேணும்? விடியத்தானே என்னோட சண்டை பிடிச்சுப் போட்டுப் போனவர்." குரல் உடைந்தது, சரிசெய்துகொண்டாள். "சுகமில்லையாக்கும் எண்டு நினைச்சுப் பாத்தன். மாறிப்போனார் எண்டு நினைச்சுப் பாத்தன். ஒரு வருசமா எத்தினையைத்தான் நினைக்கிறது? உங்கட ஊரில நான் இல்லையோ?"

"இல்லை" என்றான்.

அவள் தலையாட்டினாள். அதைக் கேட்டு அவள் பயப்படவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. "அவர் அங்கதான் இருக்கிறாரோ? அங்க ஆக்கள் எப்பிடி? அவர் எல்லாரோடயும் வாய் காட்டுவார். தெரியாத இடத்தில அவரை ஆரும் பாத்துக்கொள்ளுவினமோ?"

குணரத்தினம் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். ஒரு வருசமாக அவன் தன் இழவையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் சோற்றில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தவளும் ஒருத்தனைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அன்றைக்கு அவன் கையைப் பிரித்து எழும்பிப் போயிருந்தால், அவளுடைய மனுசனும் அவனும் அவரவர் கரையில் ஏறியிருப்பார்கள். அலியார் காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். மூன்று பேருடைய வாழ்க்கையையும் ஒரு மத்தியான நித்திரைக்கு விற்றவன் அவன். இதை எப்படிச் சொல்வது? சென்றியைச் சொல்வதா, துவக்கைச் சொல்வதா?

"அங்க கரையில ஒரு ஆள் நிக்கிறார்" என்றான். "அலியார் காக்கா எண்டு. நல்ல மனுசன். போனவன் வரும் மட்டும் நிப்பார்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப சரி" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "புகார் இறங்குது, வந்த வழியால போங்கோ" என்றாள். "நான் வந்து நிக்கிறன்."

அன்றிலிருந்து புகார் விழுகிற ஒவ்வொரு விடியலிலும் இரண்டு பேரும் துறையடிக்குப் போனார்கள். அவன் புதுச் சாரத்தை ஒரு பையில் சுற்றி வள்ளத்தில் வைத்தான். அவள் அலுமாரிக்குள்ளிருந்து தன் மனுசனுடைய அட்டையை எடுத்து வந்து பூவரச மரத்தடியில் நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படி ஒரு சட்டமும் இல்லை. முனாப் வாங்கு கொண்டுவந்து போட்டாலும் இருக்க மாட்டாள். அவன் வெள்ளைக்குள் போய் மறையும் வரை பார்ப்பாள். பிறகு வள்ளத்தின் மூக்கு வெளியே தெரியும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு அடையாளம் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே நடை, ஒரே நரை. ஆனால் இறங்குகிறவன் கையை வீசிக்கொண்டு பாட்டோடு வந்தால் அது அவளுடைய மனுசன்.

அந்தத் தையில் கடைசியாகப் புகார் விழுந்த நாள். குணரத்தினம் உள்ளே போனான். துடுப்பை நிறுத்தினான். காது அடைக்கிறதா என்று காத்திருந்தான். அடைத்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பாரை பிடித்துக்கொண்டு வாறன் காக்கா, இந்த முறை பிந்த மாட்டன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வள்ளத்தைத் திருப்பினான்.

வெள்ளை கிழிந்தது. கரை தெரிந்தது. பூவரச மரத்தடியில் ஒரு ஆள் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கையில் ஒரு அட்டை. நின்றுகொண்டே இருந்திருக்கிறாரே என்று அவனுக்கு அழுகை வந்தது. வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டு இறங்கினான். கைகள் இரண்டும் தாமாகவே தலைக்கு மேலே போயின. அப்படியே, ஓடாமல், சிரிக்காமல், நேரே நடந்தான்.

நாலைந்து அடி வந்த பிறகுதான் மேலே பாலத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டது.

கமலாதேவி இரண்டடி முன்னே வந்திருந்தாள். தூக்கிய கையைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் அவனுக்குப் பின்னால், கலைந்துகொண்டிருந்த புகாரைப் பார்த்தாள். பிறகு அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அவனுக்குக் கிட்ட வந்து, தூக்கிய கையிரண்டையும் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"வாங்கோ" என்றாள். "தேத்தண்ணி ஆறப்போகுது."